யாழுக்கு நடந்தது சிந்தசைசருக்கும் நடக்க வேணுமா?

“ஆர்டுயினோ போர்டை வச்சு சிந்தசைசர் செய்யிறது பொறியியல் பீடத்து ஆக்களின்ட வேலை, கலைப்பீடத்துக்கு அதில என்ன அலுவல்?” என்று கேட்பவர்களுக்கு எங்கட பதில் ஒரு பெயர்தான்: விபுலாநந்தர்.

எங்கட திருகோணமலை இந்துக் கல்லூரியோடும் தொடர்புடைய அடிகளார், தமிழ்ப் பேராசிரியராக முன்னரே விஞ்ஞானப் பட்டதாரி. பழைய யாழ் ஒன்றுகூட எங்கட கைக்கு வந்து சேரேல்ல. பாட்டிலும் உரையிலும் கிடந்த குறிப்புகளைத் தேடி, சுருதிகளைக் கணக்குப் போட்டு, அதன் வடிவத்தை மீட்க அவர் பல வருஷம் உழைத்தார். ‘யாழ் நூல்’ 1947இல் வெளிவந்தது. அதே வருஷம் அவர் மறைந்தார். செய்முறை தொலைந்த ஒரு வாத்தியத்தைத் திருப்பி எடுக்க அவ்வளவு பாடு.

திறந்த வன்பொருள் என்பது அந்தத் தொலைவுக்கு எதிரான ஏற்பாடு. சர்க்கிட் படமும் நிரலும் எல்லாருக்கும் பொது. மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற பிரெஞ்சு நிறுவனம் 2022இல் மூடப்பட்டது. ஆனால் படங்கள் வெளியில் இருப்பதால் அதன் சிந்தசைசர்களை மற்றவர்கள் இன்றும் செய்கிறார்கள்.

தொடங்க அதிகம் தேவையில்லை. ஒரு ஆர்டுயினோ ஊனோ, ‘மொஸ்ஸி’ என்ற இலவச ஒலி நூலகம், ரெசிஸ்டர், கப்பாசிட்டர், திருகிற குமிழ் இரண்டு, ஸ்பீக்கர். சத்தம் கரகரவென்றுதான் வரும். ஆனால் சுருதி இங்கே நீங்கள் எழுதும் ஒரு எண். ஸ 240 ஹேர்ட்ஸ் என்றால், 5க்கு 4 என்ற விகிதத்தில் அந்தர காந்தாரம் 300. சாதாரண கீபோர்டில் அது ஏறக்குறைய 302.4. இரண்டையும் ஸவோடு சேர்த்து வாசித்துப் பாருங்கோ, வித்தியாசம் காதுக்கே விளங்கும். கமகத்துக்கும் அப்படித்தான்: கட்டைக்குக் கட்டை தாவாமல், எண்ணை மெல்ல மெல்ல நகர்த்தலாம்.

“போனில ஆப் இருக்கே?” இருக்கு. ஆனால் அது ஒருநாள் வேலை செய்யாமல் விட்டால், பெரும்பாலானவற்றை உங்களால் திறந்து திருத்தேலாது.

செய்தால் மட்டும் போதாது. சர்க்கிட்டையும் சுருதிக் கணக்கையும் தமிழில் எழுதி, யாரும் எடுக்கக்கூடிய மாதிரிப் பொதுவில் வைக்க வேணும். அந்த எழுத்துவேலைக்குக் கலைப்பீடம் கட்டாயம் தேவை.