பெயரில்லாத கேனும் பளபளக்கும் காரும்



ஆயுத பூஜை நெருங்குகிறது என்றால் நம் கல்லாப் பெட்டிக்குக் கொஞ்சம் உயிர் வரும். பொரி, கடலை, பூசணி, எலுமிச்சை என்று மளிகைக்காரர் ஒரு பக்கம் பார்ப்பார். சோப்பு, ஷாம்பு, பாலிஷ், துணி என்று என்னைப் போன்ற மொத்த வியாபாரி மறு பக்கம் பார்ப்பான். முப்பது வருடங்களுக்கு முன் கல்லாவியில் கார் இருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். இன்று ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் தவணையில் கார் எடுத்துக்கொண்டு ஊருக்கு வருகிறார்கள். சிறு கடைக்காரர் கூட சரக்கு ஏற்ற ஒரு மினி லாரி வைத்திருக்கிறார். வண்டி பெருகப் பெருக வண்டி கழுவும் சரக்கும் நம் கடைகளில் பெருகிவிட்டது. அந்தச் சரக்கைப் பற்றித்தான் நான்கு வார்த்தை எழுத விரும்புகிறேன். ஊருக்கு உபதேசம் செய்வதற்காக அல்ல. நான் செய்த தவறு ஒன்று மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நான்கு வருடங்களுக்கு முன் பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போது இரு சக்கர வாகனத்தில் ஒரு விற்பனையாளர் வந்தார். "வீல் கிளீனர் அண்ணே, ஒரு தடவ தெளிச்சா போதும், வெள்ளி மாதிரி ஆயிடும்" என்றார். கேனில் பெயர் இல்லை, ஊர் இல்லை, விலையும் இல்லை. பில் கேட்டதற்கு அடுத்த வாரம் தருகிறேன் என்றார். பெயர் போட்ட சரக்கின் விலையில் பாதிதான். ஆசை யாரை விட்டது? இரண்டு கேன் வாங்கி, காலித் தண்ணீர் பாட்டில்களில் பிரித்து விற்றேன். அதில் நான்கு பாட்டில் பக்கத்து வாட்டர் சர்வீஸ் கடைக்குப் போனது.

அங்கே வேலை பார்த்த பையனுக்குப் பத்தொன்பது வயது. கையுறை கிடையாது. பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்திருக்கிறான். மாலை வரை ஒன்றும் தெரியவில்லை. இரவில் விரல் நுனிகள் உள்ளுக்குள் தீப்பிடித்தது போல் வலிக்கிறது என்று அழுதிருக்கிறான். மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "இதில் என்ன கலந்திருக்கிறது?" என்பதுதான். தகவல் கிடைத்து நான் கேனையே தூக்கிக்கொண்டு ஓடினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். நாற்பது வருடம் வியாபாரம் செய்தவன், நான் விற்ற சரக்கு என்ன என்று சொல்ல முடியாமல் தலை குனிந்து நின்றேன். விற்பனையாளர் கொடுத்த தொலைபேசி எண் உபயோகத்தில் இல்லை.

பையன் பிழைத்துக்கொண்டான். ஒரு விரலில் நகம் இன்றும் கோணலாகத்தான் வளர்கிறது. அன்று கழுவிய காரின் அலாய் சக்கரங்கள் மறுநாளே வெள்ளை பூத்துப்போயின. மருத்துவச் செலவும் சக்கரச் செலவும் நான்தான் கொடுத்தேன். அந்த இரண்டு கேனில் கிடைத்த லாபத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். சக்கரத்தைச் சீக்கிரம் வெளுக்க வைக்கும் சரக்குகள் சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ, அமோனியம் பைஃபுளோரைடு என்ற உப்போ சேர்ப்பதுண்டு. கழிவறை ஆசிட் பட்டால் உடனே எரியும், கையை எடுத்துவிடுவோம். இது அப்படி அல்ல. நீர்த்த நிலையில் பட்டால் சில மணி நேரம் வலியே தெரியாமல் போகலாம். அதற்குள் தோலைத் தாண்டி உள்ளே இறங்கி, உடம்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். அதிகம் பட்டால் இதயத்தையே பாதிக்கும். பட்டவுடன் தண்ணீரை விட்டு நன்றாகக் கழுவி, தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு என்று இதற்கே மருந்து இருக்கிறது. ஆனால் என்ன பட்டது என்று தெரிந்தால்தானே டாக்டர் அந்த மருந்தைப் போடுவார்?

இவ்வளவு ஆபத்தான சரக்கு சக்கரத்துக்குத் தேவையா என்றால், தேவையே இல்லை. சக்கரத்தில் படியும் கறுப்பு, பிரேக் தேய்ந்து பறக்கும் இரும்புத் தூள்தான். வாரம் ஒரு முறை சக்கரம் ஆறிய பிறகு ஷாம்புத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போட்டால் போய்விடும். மாதக் கணக்கில் விட்டுவிட்டால்தான் ஒட்டிக்கொள்கிறது. அலாய் சக்கரத்தின் மேல் ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. ஆசிட் அழுக்கோடு அதையும் தின்றுவிடும். பூச்சு போன பின் அலுமினியம் வெள்ளை பூக்காமல் என்ன செய்யும்?

வண்டியின் பெயிண்டும் அப்படித்தான். பளபளப்பைத் தருவது நிறத்துக்கு மேலே உள்ள நிறமற்ற பூச்சு. அதன் கனம் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான் வரைதான். மனிதத் தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான். முடியின் கனம் கூட இல்லாத அந்தப் பூச்சை நம்பித்தான் பல லட்சம் ரூபாய் வண்டி வெயிலில் நிற்கிறது.

நம் பகுதியில் அதற்குச் சோதனை அதிகம். கிரானைட் அறுக்கும் ஊர் இது. அந்தத் தூளில் உள்ள குவார்ட்ஸ் இரும்பை விடக் கடினமானது. காலையில் கடை திறந்ததும் பழைய பனியன் துணியால் வண்டியை வறட்டுத் துடைப்பு துடைக்கிறோமே, அது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை போல் கீறல் தெரிவது இதனால்தான்.

அடுத்தது நம் போர் தண்ணீர். நமது மாவட்டத்து நிலத்தடி நீரில் உப்பும் ஃபுளோரைடும் அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்காகத்தான் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013-ல் அது தொடங்கி வைக்கப்பட்டது. அந்த உப்புத் தண்ணீரைக் கொட்டி வெயிலிலேயே காய விட்டால் தண்ணீர் போய்விடும், உப்பு நின்றுவிடும். வட்ட வட்டமாகக் கறை விழும். நாளாக நாளாக அது பூச்சையே அரிக்கும். மாமரத்தடியில் நிறுத்தினால் பிசின், புளிய மரத்தடியில் நிறுத்தினால் பறவை எச்சம். இரண்டையும் அன்றன்றே தண்ணீரில் ஊற வைத்து எடுக்க வேண்டும், சுரண்டக் கூடாது. பூஜையன்று வைத்த சந்தனத்துக்கும் இதே விதிதான்.

சிக்கனம் என்று நினைத்து நம்மவர்கள் செய்யும் வேறு இரண்டு காரியங்களும் உண்டு. ஒன்று, துணி துவைக்கும் பவுடர் போட்டுக் கழுவுவது. காரம் அதிகம், பெயிண்ட் மேல் உள்ள மெழுகை அடியோடு எடுத்துவிடும். மற்றொன்று, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைப்பது. எண்ணெய்ப் பசை இருக்கும் வரை மினுமினுக்கும், பிறகு அதுவே தூசியைப் பிடிக்கும். ரப்பர் பாகங்கள் ஊதிக் கெடும்.

சரியான முறைக்குச் செலவு குறைவு. நிழலில் நிறுத்தி, முதலில் வெறும் தண்ணீரால் தூசியை ஓட விட வேண்டும். ஒரு வாளியில் ஷாம்புத் தண்ணீர், மறு வாளியில் துணி அலச நல்ல தண்ணீர். மேலிருந்து கீழே வர வேண்டும். சக்கரத்துக்குத் தனித் துணி. கழுவியவுடன் மைக்ரோ ஃபைபர் துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மெழுகு பூசினால் போதும். மெழுகும் பாலிஷும் ஒன்றல்ல என்பதை வாடிக்கையாளரிடம் நாம்தான் சொல்ல வேண்டும். பாலிஷ் என்பது கீறலை மறைக்க மேல்பூச்சைக் கொஞ்சம் தேய்த்து எடுப்பது. ஆண்டுக்கு ஒரு முறை கூட யோசித்துத்தான் போட வேண்டும். மெழுகு என்பது மேலே பூசும் காப்பு. பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் ஓலையில் கிடைக்கும் கார்னோபா மெழுகு இதில் பெயர் பெற்றது.

இதை நான் சங்கக் கூட்டத்தில் சொன்னபோது ஒரு தம்பி எழுந்து, "நாம விக்கலேன்னா பக்கத்துக் கடைக்காரர் விக்கிறாரு, கஸ்டமரும் அங்கதான் போறாரு. நமக்கு என்ன லாபம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் சொன்ன பதில் இதுதான். பெயர் போட்ட ஷாம்பு, இரண்டு வாளி, நல்ல துணி, மெழுகு என்று ஒரு செட்டாகக் கட்டி வையுங்கள். ஒரு பாட்டில் ஆசிட் விற்ற இடத்தில் நான்கு சாமான் விற்கும். நன்றாக இருந்தால் அதே வாடிக்கையாளர் மறுபடி வருவார். நான் இப்போது அப்படித்தான் விற்கிறேன், நஷ்டப்படவில்லை.

சட்டமும் நம்மை விடாது. 2013-ல் உச்ச நீதிமன்றம் ஆசிட் சில்லறை விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது. வாங்குபவரின் பெயர், முகவரி, காரணம் எழுதிப் பதிவேடு வைக்க வேண்டும். அடையாள அட்டை பார்க்க வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது. மீறினால் 50,000 ரூபாய் வரை அபராதம். அதோடு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, தயாரித்தவர் யார் என்று தெரியாத பொருளால் கேடு வந்தால் விற்றவரே பொறுப்பாளி ஆவார். பெயரில்லாத கேனை வாங்கும்போது தயாரிப்பாளரின் பொறுப்பையும் சேர்த்து நாமே கொள்முதல் செய்கிறோம் என்று அர்த்தம்.

ஆகவே, பூஜைக்கு முன் நமது சங்கம் கூடி மூன்று முடிவுகளை எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தயாரிப்பாளர் பெயர், முகவரி இல்லாத எந்தக் கழுவும் சரக்கையும் உறுப்பினர்கள் வாங்கக் கூடாது. எந்த ரசாயனத்தையும் தண்ணீர் பாட்டிலில் பிரித்து விற்கக் கூடாது. வாட்டர் சர்வீஸ் கடைகளுக்கு ரசாயனம் கொடுக்கும்போது கையுறையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்; அதன் விலையை நாமே ஏற்றாலும் தவறில்லை. ஒருவர் மட்டும் நிறுத்தினால் வியாபாரம் பக்கத்துக் கடைக்குப் போகும். எல்லோரும் நிறுத்தினால் அந்தக் கேன் நம் ஊருக்கே வராது. சங்கம் என்று ஒன்று வைத்திருப்பது இதற்குத்தானே?

அந்தப் பையன் இப்போதும் அதே கடையில்தான் வேலை பார்க்கிறான். என்னைப் பார்த்தால் "வாங்கண்ணே" என்று சிரித்துக்கொண்டே கை தூக்குவான். அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் முதலில் அந்த நகத்துக்குத்தான் போகிறது. வேறு எந்த வணிகருக்கும் இந்த நிலை வர வேண்டாம்.

சிந்திப்போம். சேர்ந்து செயல்படுவோம்.