உள்ளீட்டு வெளியீட்டு நியமமும் வேகவாதமும்

விசைப்பலகை, திரை, தட்டு, அச்சுப்பொறி முதலிய வன்பொருள்களை மென்பொருள்கள் நேரே தொடாது, பணிசெயல் முறைமை வகுத்த பொது இடைமுகத்தின் வழியாகவே அணுகுதல் வேண்டும் என்னும் கொள்கைக்கு எதிராகக் காலந்தோறும் ஒரே வாதமே முன்வைக்கப்படுகின்றது. நியமம் வேகத்தைக் கெடுக்கும். திறமையுள்ளவன் தன் வழியைத் தானே வெட்டிக்கொள்வான் என்பதே அது. சுதந்திரத்தின் குரல்போல ஒலிக்கும் இவ்வாதம் யாருடைய ஆதிக்கத்துக்கு வழிசமைத்தது என்பதற்கு 1980களின் நுண்கணனி வரலாறே சான்று.

அதற்கு முந்திய நிலையை நோக்குக. கரி கில்டோல் ஆக்கிய சீ.பீ.எம். முறைமையில், வன்பொருளோடு உறவாடும் பகுதி தனியொரு சிறு தொகுதியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 1979இல் வெளிவந்த 2.2ஆம் பதிப்பில் அத்தொகுதிக்கு 17 நுழைவாயில்களே இருந்தன: எழுத்தொன்றைப் பெறுதல், எழுத்தொன்றை அனுப்புதல், தட்டின் தடத்தைத் தெரிதல், வாசித்தல், எழுதுதல் போன்றவை. புதிய இயந்திரமொன்றைச் செய்வோர் அப்பதினேழையும் எழுதிவிட்டால் முறைமையின் எஞ்சிய பகுதி மாற்றமின்றி இயங்கிற்று. (தட்டு வடிவங்கள் கம்பனிக்குக் கம்பனி வேறுபட்டமை தீராத் தொல்லையாயிருந்தது என்பதும் உண்மையே.)

1981 ஓகஸ்ற்றில் ஐ.பி.எம். தனது தனியாள் கணனியை வெளியிட்டது. அதற்கென வந்த எம்.எஸ். டொஸ் முறைமையும் பொது இடைமுகமொன்றை அளித்தது. எனினும் அவ்வழியே திரையை நிரப்புதல் மந்தமாயிருந்தது. 80 நிரல்களும் 25 வரிகளும் கொண்ட திரை 2000 எழுத்துக்களையுடையது. அதற்குரிய 4000 பைற்று நினைவகத்தில் நேரே எழுதினால் திரை கணத்தில் மாறும். 1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 இவ்வழியையே கைக்கொண்டது. வேறு பலவும் அதனைத் தொடர்ந்தன.

விளைவு யாது? அதே ஆண்டில் அறிமுகமான டான்டி 2000, 8 மெகாகேர்ட்ஸ் வேகமுள்ள 80186 செயலியைக் கொண்டிருந்தது, ஐ.பி.எம். இயந்திரத்தின் 8088 செயலியின் வேகமோ 4.77 மெகாகேர்ட்ஸ் மாத்திரமே. இரண்டிலும் எம்.எஸ். டொஸ் இயங்கிற்று. ஆயினும் காட்சிச் சுற்று வேறுபட்டமையால், ஐ.பி.எம். இயந்திரத்துக்கென எழுதப்பட்ட மென்பொருள்கள் பல டான்டியில் இயங்க மறுத்தன. வேகத்தின் பெயரால் நியமத்தைத் துறந்தவர்கள் வேகமான இயந்திரத்தையே சந்தையிலிருந்து துரத்த உதவினர் என்பது வேடிக்கை. ஐ.பி.எம். சுற்றமைப்பை அச்சொட்டாகப் பின்பற்றிய கொம்பக் போன்றோர் தழைத்தனர். உண்மையில் நியமம் அழியவில்லை. எழுதப்பட்ட இடைமுகத்தை விட்டு ஒரு கம்பனியின் சுற்றுப்பலகையிற் போய்க் குடியேறிற்று. காட்சி நினைவகத்தை அக்கம்பனி வைத்த இடமே மென்பொருள்களுக்கு 640 கிலோபைற்று என்ற எல்லையைப் பல்லாண்டுகள் விதித்தது.

உரோம எழுத்தல்லாதன எழுதுவோர்க்கு இழப்பு இன்னும் பெரிது. ஆரம்பக் காட்சி அட்டைகளில் 256 எழுத்துருக்கள் வாசிப்பு நினைவகத்தில் நிலையாகப் பொறிக்கப்பட்டிருந்தன. தமிழையோ சிங்களத்தையோ வரையவல்ல செலுத்தியொன்றைப் பணிசெயல் முறைமையின் வெளியீட்டு வாயிலில் அமர்த்தலாம். வாயிலை விடுத்துச் சுவரேறிக் குதிக்கும் மென்பொருளை அச்செலுத்தி எங்ஙனம் எதிர்கொள்ளும்?

இனி, பழியனைத்தையும் நிரலெழுதுவோரின் ஒழுங்கீனத்தின்மேற் சுமத்தும் நியமவாதிகளும் உளர். அதுவும் கொள்ளற்பாலதன்று. நிலைகாட்டியைத் திரையில் விரும்பிய இடத்துக்கு நகர்த்தும் கட்டளைதானும் டொஸ்ஸின் முதற்பதிப்பு அளித்த அழைப்புக்களுள் இல்லை. வாயிலை அத்துணை ஒடுக்கமாக அமைத்தவர், சுவரேறியவனைக் கடிந்து பயனென்ன? வின்டோஸ் 95 வந்தபோது விளையாட்டு மென்பொருள் செய்வோர் டொஸ்ஸை விட்டு வர மறுத்தனர். மைக்குரோசொவ்ற் அவர்களுக்கு ஒழுக்கம் போதிக்கவில்லை. 1995இலேயே டிரெக்ட் எக்ஸ் என்னும் அகன்ற இடைமுகமொன்றை வெளியிட்டது. விளையாட்டுக்களும் வந்து சேர்ந்தன. ஆயின், அவ்வாயில் வின்டோஸ் முறைமைக்கு மாத்திரமே உரியதாயிருந்தது. அதன் அகலத்தை நிர்ணயிக்கும் உரிமையும் அக்கம்பனியிடமே இருந்தது.