மலை யாருக்கு? ஓய்வு யாருக்கு?

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கென்றே தனியாக உல்லாசப் பிரயாணம் நடத்துகிறார்கள், இலங்கையின் மலைநாட்டுக்கு! குளிர்சாதன பஸ், சாய்ந்துகொள்ள ஆசனம், கூடவே ஒரு வழிகாட்டி. கண்டியில் புறப்பட்டு, ரம்பொடை வழியாக நுவரெலியா. அப்புறம் ஒன்பது வளைவுப் பாலம். இங்கிலாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் கிழவர்கள் வருகிறார்கள். சென்னைப் பென்ஷன்காரர்களும் போகிறார்கள்.

போகட்டும். முப்பது வருஷம் உழைத்த மனிதன் வயதான காலத்தில் நாலு மலையைப் பார்ப்பது பாவமல்ல. அந்த வாத்தியாரும் குமாஸ்தாவும் நம் எதிரிகளல்ல. நம் சண்டை, அந்த மலையை விற்கிறவனோடு.

விற்கிறவன் என்ன சொல்கிறான்? பச்சைக் கம்பளம் என்கிறான். இயற்கை அன்னையின் வரம் என்கிறான். தறி கண்ட மேலப்பாளையத்தானிடம், கம்பளம் தானாக முளைத்தது என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பான்!

ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைத் துரை 1867இல் அங்கே தேயிலைத் தோட்டம் போட்டார் என்பதை வழிகாட்டி மறக்காமல் சொல்வார். காட்டை வெட்டிய கைகள் யாருடையவை? திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம், திருச்சிச் சீமைகளிலிருந்து கங்காணி பிடித்துப் போன பஞ்சைகளின் கைகள். அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட ஜாதியினர். காப்பித் தோட்டக் காலத்திலேயே இந்த ஆள்பிடிப்பு தொடங்கிவிட்டது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாக நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மடிந்தவர்கள் எத்தனையோ பேர்.

மலையைப் பொன் விளையும் பூமியாக்கியவர்களுக்குக் கிடைத்த பரிசு என்ன? 1948இல் பிரஜா உரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து ஆடு மாடு பங்கு போடுவதுபோலப் போட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்! நாளைக்கு ஆயிரம் ரூபாய் கூலி, அதுவும் இலங்கைப் பணத்தில், வருஷக்கணக்கான போராட்டத்துக்குப் பிறகு 2021இல்தான் வந்தது. துரை பங்களாக்கள் சில இன்று சொகுசு விடுதிகளாகிவிட்டன. லயத்து வீடுகளில் இன்னும் குடும்பங்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. போகிற பென்ஷன்காரர்கள் ஒரு லயத்தின் பக்கத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். உங்கள் பாட்டன் எந்த ஊர் என்று கேளுங்கள். நம் பக்கத்து ஊரின் பெயரே காதில் விழலாம்.

கடல் தாண்டி ஏன் போகவேண்டும்? மேலப்பாளையத்திலிருந்து மேற்கே பாருங்கள், மாஞ்சோலை. 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பம்பாய் பர்மா கம்பெனி 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த மலை. அங்கேயும் தேயிலை, அங்கேயும் லயம், அங்கேயும் தலைமுறை தலைமுறையாக உழைப்பு. அந்தத் தொழிலாளருக்காக 1999 ஜூலை 23ஆம் தேதி கலெக்டர் ஆபீசுக்குப் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து விரட்டியது. 17 உயிர்களை இந்தத் தாமிரபரணிக் கரையில் பறிகொடுத்தோம்.

2024இல் அந்தத் தொழிலாளிகளுக்கும் ஓய்வு கொடுத்தார்கள். "விருப்ப ஓய்வு" என்று அதற்குப் பெயர்! யாருடைய விருப்பம்? குத்தகை 2028இல் முடிகிறது, கம்பெனி மூட்டை கட்டுகிறது, தொழிலாளி கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறந்த வீட்டைக் காலி செய்யவேண்டும். ஒருவனுக்கு ஓய்வு என்றால் மலைக்குப் போவது. இன்னொருவனுக்கு ஓய்வு என்றால் மலையை விட்டே துரத்தப்படுவது.

நம் பேட்டையில் பீடி சுற்றிச் சுற்றி விரல் தேய்ந்த தாய்மார்களுக்கு வரும் பிராவிடண்ட் பண்டு பென்ஷனுக்கு 2014இல் வைத்த அடிமட்டம், மாதம் ஆயிரம் ரூபாய். வயலில் நாற்று நட்டு முதுகு வளைந்த கிழவிக்கு 2023இல் சர்க்கார் உயர்த்திக் கொடுத்தது 1,200 ரூபாய். இந்தக் காசில் நுவரெலியா போகட்டுமா, மருந்துக் கடைக்குப் போகட்டுமா?

உழைப்பாளிக்கு உல்லாசம் எதற்கு என்று கேட்கும் பெரிய மனிதர்கள் நம் ஊரிலும் உண்டு. பிரான்ஸிலும் இருந்தார்கள். அங்கே 1936 ஜூனில், சம்பளத்தோடு இரண்டு வாரம் விடுமுறை என்று சட்டம் வந்தது. ரயில் கட்டணத்தையும் குறைத்தார்கள். ஆலைத் தொழிலாளிகள் பலர் அந்த வருஷந்தான் பெண்டாட்டி பிள்ளைகளோடு முதன்முதலாகக் கடலைப் பார்த்தார்கள். மந்திரிகளின் தயவால் வந்த சட்டமல்ல அது. லட்சக்கணக்கானவர்கள் ஆலைகளுக்கு உள்ளேயே உட்கார்ந்து, யந்திரங்களை நிறுத்திவிட்டு, வெளியே வர மறுத்ததால் வந்தது.