பள்ளிக்கூடத்திலும் ஜாதியா?

ஜூன் மாதம் பிறந்ததும் நம் நாட்டுக் குடும்பங்களில் ஒரு கேள்வி எழுகிறது. குழந்தை என்ன படிக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. எங்கே படிக்கிறது என்றே கேட்கிறார்கள். பெரிய தனியார் பள்ளியொன்றின் பெயரைச் சொன்னால் கேட்டவர் முகம் மலர்கிறது. சர்க்கார் பள்ளிக்கூடம் என்று பதில் வந்தாலோ, அவர் பேச்சை மாற்றிவிடுகிறார்; அல்லது அநுதாபம் தெரிவிக்கிறார். ஏழைத் தகப்பன் ஒருவனின் நெஞ்சை அந்த அநுதாபத்தைப்போல் சுடுவது வேறொன்றுமில்லை. பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லையென்று மேடைதோறும் முழங்கப்படும் இந்நாட்டில், பள்ளிக்கூடத்தின் பெயரால் புதியதொரு ஜாதி சிருஷ்டிக்கப்பட்டு வருகிறது.

தனியார் பள்ளிகள் இருப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. கல்வித் தொண்டு புரிந்த தனியார் ஸ்தாபனங்கள் பல உண்டு. நாம் கேட்பது ஒன்றே: ஆயிரக்கணக்கிலும் லக்ஷக்கணக்கிலும் பணம் கட்டுகிறவர்கள் கல்வியை வாங்குகிறார்களா, அல்லது வித்தியாசத்தை வாங்குகிறார்களா?

சமீப காலத்துச் சரித்திரமே இதற்கு விடை கூறும். தமிழ்நாட்டில் ஸ்டேட் போர்டு, மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ-இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு வகைப் பாடத்திட்டங்கள் இருந்தன. இவற்றை ஒன்றாக்கும் சமச்சீர்க் கல்விச் சட்டம் 2010-ம் வருஷத்தில் நிறைவேறிற்று. அதை ஒத்திவைக்க நடந்த முயற்சி பலிக்கவில்லை. 2011-ம் வருஷம் ஆகஸ்டு 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதை அமுல் நடத்தும்படி தீர்ப்பளித்தது. குடியானவன் மகனும் மில் முதலாளி மகனும் ஒரே புத்தகத்தைப் படிக்கும் நாள் வந்துவிட்டதென்று பலர் மகிழ்ந்தனர். நடந்ததென்ன? மெட்ரிகுலேஷன் பள்ளிகள் பல ஸி.பி.எஸ்.இ. பலகையை மாட்டிக்கொண்டன. புதிதாகத் தோன்றிய பள்ளிகள் பலவும் அவ்வழியே சென்றன. புத்தகம் ஒன்றானதும் பெருமை வேறு வாசல் தேடிப் போயிற்று. விலைபோன சரக்கு வித்தியாசமே என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டுமோ?

போதனையில் தனியார் பள்ளியே சிறந்தது என்பார்கள். ஆந்திரப் பிரதேசத்தில் 180 கிராமங்களில் கார்த்திக் முரளீதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஓர் ஆராய்ச்சி நடத்தி, முடிவை 2015-ம் வருஷத்தில் வெளியிட்டார்கள். ஏழைப் பிள்ளைகளில் சிலரைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, செலவு கொடுத்துத் தனியார் பள்ளிகளில் சேர்த்தார்கள். நான்கு வருஷம் சென்றபின் சோதித்ததில், தெலுங்கிலோ கணக்கிலோ இங்கிலீஷிலோ அப்பிள்ளைகள் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளை மிஞ்சவில்லை; ஹிந்தியில் மாத்திரமே முந்தினர். இவை கிராமத்துச் சிறு பள்ளிகளேயன்றிப் பட்டணத்துப் பெரும் பள்ளிகள் அல்ல என்பதையும், தனியார் பள்ளிகள் இதைச் சாதித்தது சர்க்கார் செலவில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவான செலவில் என்பதையும் மறைக்க நாம் விரும்பவில்லை. பின்னது சர்க்கார் நிர்வாகம் தலைகுனிய வேண்டிய விஷயம். ஆனால் பலகையை மாற்றினால் மூளை மாறிவிடும் என்ற நம்பிக்கைக்கு அதில் ஆதாரமில்லை. 2018 முதல் 2022 வரையில் இஸ்ரோவின் தலைவராயிருந்த ஸ்ரீ கே. சிவன், கன்யாகுமரி ஜில்லாவில் மேலசரக்கல்விளை கிராமத்துச் சர்க்கார் பள்ளியில் தமிழிலே படித்தவர்தாம்.

எனினும், நகையை அடகு வைத்துக் குழந்தையைத் தனியார் பள்ளிக்கு அனுப்பும் கூலிக்காரனை நாம் குறை கூற மாட்டோம். அவன் இங்கிலீஷையும் மரியாதையையும் நாடிப் போகிறான். ஐந்து வகுப்புக்கு இரண்டு உபாத்தியாயர் என்ற நிலையையும், தண்ணீரில்லாத கழிப்பிடத்தையும் அவன் கண்ணால் காண்கிறான். குற்றம் மேலே இருப்பவர்களுடையது. சர்க்கார் சம்பளம் வாங்கும் உத்தியோகஸ்தரும், சர்க்கார் பள்ளியில் போதிக்கும் உபாத்தியாயரும், சமத்துவம் பேசும் தலைவரும் தங்கள் பிள்ளைகளை எங்கே அனுப்புகிறார்கள் என்பதை ஜனங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். தாம் சமைத்ததைத் தாமே உண்ண மறுப்பவன் கடையில் யார் சாப்பிடுவார்?

2011-ம் வருஷத்தில் ஈரோடு ஜில்லா கலெக்டர் ஒருவர் தம் மகளைப் பஞ்சாயத்து யூனியன் பள்ளியில் சேர்த்தார். அது நாடெங்கும் செய்தியாயிற்று. அவர் செயலைப் பாராட்டுகிறோம். அது செய்தியாயிற்றே என்பதுதான் நம் வருத்தம். 2015-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அலகாபாத் ஹைகோர்ட்டு, உத்தரப் பிரதேசத்தில் சர்க்கார் கஜானாவில் சம்பளம் பெறுவோர் யாவரும் தங்கள் பிள்ளைகளைச் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளுக்கே அனுப்ப வேண்டுமென்று உத்தரவிட்டது. அது ஏட்டோடு நின்றுபோயிற்று. அதிகாரியின் பிள்ளை உட்காரும் வகுப்பில் கூரை ஒழுகாது. உபாத்தியாயர் ஸ்தானம் காலியாக இராது. சொல்வாக்கு உள்ளவர்கள் வெளியேறிய பள்ளிக்காகப் பேச எவருமில்லை. பேச எவருமில்லாத பள்ளி சீர்கெடுகிறது; சீர்கெட்டதைக் காட்டி மிஞ்சியவர்களும் வெளியேறுகிறார்கள். 2019-ம் வருஷத்தில், ஒரு மாணவன்கூட இல்லாத பள்ளிகள் சிலவற்றை நூலகங்களாக மாற்றத் தமிழ்நாடு சர்க்கார் முற்பட்டது இவ்வழியின் முடிவைக் காட்டுகிறது.

1956-ல் காமராஜர் ஆட்சியில் மத்தியான உணவுத் திட்டம் வந்தபோது, குழந்தைகள் ஒரே பந்தியில் அமர்ந்தார்கள். பசி தீர்ந்தது ஒரு லாபம். பக்கத்தில் இருப்பவன் யாரென்று கேளாமல் உண்ணப் பழகியது மற்றொரு லாபம். வசதி படைத்தவர்கள் எழுந்து சென்றபின் பந்தி இருக்கிறது, சமத்துவம் இல்லை. தன்னுடன் படித்தவர்களில் ஓர் ஏழையையும் அறியாத பிள்ளை, நாளை ஏழைகளை ஆளப்போகிறான்.

தேசத் தொண்டில் ஈடுபட்டிருப்போருக்கு நம் வேண்டுகோள் இதுவே. முதலில் உங்கள் பிள்ளைகளை உங்கள் ஊர்ச் சர்க்கார் பள்ளியில் சேருங்கள். கட்டாயக் கல்விச் சட்டப்படி, ஒவ்வொரு சர்க்கார் பள்ளியிலும் முக்கால் பங்கிற்குக் குறையாமல் பெற்றோர்களைக் கொண்ட நிர்வாகக் குழு இருக்க வேண்டும், அதில் இடம் பெறுங்கள், கணக்குக் கேளுங்கள். வகுப்புக்கு ஓர் உபாத்தியாயர் வேண்டுமென்று கிளர்ச்சி செய்யுங்கள். சர்க்கார் பள்ளிக்கூடம் தர்ம சத்திரமன்று. பிரஜைகளின் வரிப்பணத்தில் எழுந்த பிரஜைகளின் சொத்து. சொந்த வீட்டிற்குள் நுழைய எவனும் வெட்கப்பட வேண்டியதில்லை.