தென்னையை எண்ணினீர்கள், கோடியையும் எண்ணுங்கள்!

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு மாற்றுப்பாதை ஏறும் ஊர் குப்பனூர். 2018-ல் சேலம் - சென்னை எட்டுவழிச் சாலைக்காக இந்தப் பக்கமும் அளந்தார்கள். நிலம், கிணறு, தென்னை என்று எல்லாவற்றுக்கும் கணக்கு. சரி, எங்கள் கணக்கை எடுத்துக்கொண்டீர்கள். உங்கள் கணக்கு எங்கே சாமி?

ஊரில் எல்லார் வாயிலும் இருந்தவை இரண்டே எண்கள்: 277 கி.மீ., 10,000 கோடி. வகுத்தால் கிலோமீட்டருக்குச் சுமார் 36 கோடி. இதில் நிலத்துக்கு எவ்வளவு? கடன் எவ்வளவு? எத்தனை வண்டி ஓடும் என்று கணித்தார்கள்? பி.காம். பையன்கூட இதெல்லாம் இல்லாமல் பிராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்க முடியாது!

இது பாரத்மாலா திட்டத்துச் சாலை. அந்தத் திட்டத்தின் முதல் கட்டத்தைப் பற்றி 2023-ல் சிஏஜி அறிக்கை வந்தது. மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புக்கொண்டது கிலோமீட்டருக்கு 15.37 கோடி. பிறகு வேலைகளுக்கு அனுமதித்தது 32.17 கோடி. இரண்டு மடங்குக்கு மேல்! இது தணிக்கையில்தான் தெரியவரும் என்றால் நிலம் கொடுத்தவனுக்கு என்ன பிரயோஜனம்?

"நீ வளர்ச்சிக்கு எதிரியா?" என்பீர்கள். இல்லை நண்பர்களே. மக்களைப் பாதிக்கும் முடிவை அறிவிக்கும்போதே விவரங்களை வெளியிடச் சொல்வது 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு. நான் கேட்பதும் அதைத்தான்.

2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வேண்டுமானால் விதிப்படி மறுபடி தொடங்கலாம் என்றது. தொடங்கினால் மதிப்பீடு, நிலத்தொகை, கடன், வண்டிக் கணிப்பு, சுங்க வருமானம் எல்லாம் ஒரே தாளில், தமிழில், பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டுங்கள். கல் நடுவது அப்புறம்.