பாஸ்வேர்டாக ஒரு போன் நம்பர்

வீட்டுக்குப் புதிய பிராட்பேண்ட் இணைப்பு வரும் நாளில், ரவுட்டரைச் சுவரில் மாட்டி முடித்ததும் பணியாளர் கேட்கும் கடைசிக் கேள்வி, “பாஸ்வேர்டு என்ன வைக்கட்டும்?” என்பது. வீட்டார் யோசிப்பதற்குள் பல நேரம் விடையும் அவரிடமிருந்தே வந்துவிடும்: “உங்க போன் நம்பரையே வெச்சிடவா?” பத்து இலக்கம், மறக்காது, பார்க்கவும் பலமாகத் தெரிகிறது. கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. இந்தியக் கைபேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில்தான் தொடங்கும். எனவே மொத்த வாய்ப்புகள் அதிகபட்சம் 400 கோடி. இன்றும் பரவலாக உள்ள டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில், போனும் ரவுட்டரும் இணையும்போது பரிமாறிக்கொள்ளும் செய்திகளைத் தெருவில் நிற்பவரும் பதிவு செய்துகொள்ளலாம். பிறகு அந்தப் பதிவை வைத்துக்கொண்டு வேறெங்கோ உட்கார்ந்து ஊகங்களைச் சோதிக்கலாம். ரவுட்டருக்கு ஒன்றும் தெரியாது. கணினி விளையாட்டுக்காக விற்கப்படும் உயர்ரக கிராபிக்ஸ் கார்டு ஒன்று, நொடிக்குப் பத்து லட்சம் ஊகங்களுக்கு மேல் சரிபார்க்கும். 400 கோடியையும் தீர்க்க ஒரு மணி நேரம் சொச்சம் போதும். பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்தச் சிரமமும் இல்லை. எண் ஏற்கெனவே அவர் போனில் இருக்கிறது.

யாரோ கொஞ்சம் நெட் பயன்படுத்திக்கொண்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. வங்கித் தளங்களும் செயலிகளும் தங்கள் தகவல்களைத் தாமே மறையாக்கம் செய்துதான் அனுப்புகின்றன என்ற வாதமும் பெருமளவு சரியே. ஆனால், அந்த மறையாக்கம் வீட்டிலுள்ள கேமராவையோ ரவுட்டரின் அட்மின் பக்கத்தையோ காக்காது. இணைப்பின் வழியே நடக்கும் குற்றத்துக்கு முதலில் காவல் துறையின் முன் நிற்க வேண்டியவர், இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான். 2008 ஜூலையில் ஆமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சற்று முன் ஊடகங்களுக்கு வந்த மின்னஞ்சலின் தடம், நவி மும்பையில் வசித்த ஓர் அமெரிக்கரின் வீட்டு இணைப்பில் போய் நின்றது. பாதுகாப்பற்ற அந்த வைஃபையைப் பிறர் பயன்படுத்தியிருந்தார்கள். அவருக்கும் சதிக்கும் தொடர்பில்லை என்பது விசாரணைக்குப் பிறகுதான் தெளிவானது.

இப்படி ஏதாவது நடந்தால், ‘மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். இது அநியாயமான தீர்ப்பு. பட்டனை அழுத்தியோ எட்டு இலக்க எண்ணைக் கொடுத்தோ எளிதாக இணையலாம் என்று விற்கப்பட்ட டபிள்யூபிஎஸ் வசதியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை ரவுட்டர் இரண்டு பாதிகளாகப் பிரித்துச் சரிபார்க்கிறது. கடைசி இலக்கமோ மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படுவது. எனவே 11,000 முயற்சிகளுக்குள் கதவு திறந்துவிடும் என்பது 2011-இல் அம்பலமானது. எவ்வளவு கடினமான பாஸ்வேர்டு வைத்திருந்தவருக்கும் இதில் தப்ப வழியில்லை. விழிப்புணர்வு இங்கே என்ன செய்திருக்கும்? 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலை பாஸ்வேர்டு மாற்றப்படாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் வசப்படுத்தியது. அப்படியொரு பாஸ்வேர்டு உள்ளே இருப்பதே பலருக்குத் தெரியாது. எல்லாச் சாதனங்களுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து விற்பதை பிரிட்டன் 2024 ஏப்ரல் முதல் சட்டப்படி தடுத்திருக்கிறது. நல்ல சட்டம்தான், ஆனால் அது தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடுகிறது. நம் ஊரில் ரவுட்டரின் அடியில் ஒட்டி வரும் பாஸ்வேர்டு ஓரளவு நன்றாகவே இருந்தாலும், அதை அழித்துவிட்டுத்தானே போன் நம்பரைப் போடுகிறோம். பொறுப்பு சாய வேண்டிய இடம், இணைப்பைத் தந்து ரவுட்டரை மாட்டும் நிறுவனம்.

தாறுமாறான எழுத்துகளை வைத்தால் வாடிக்கையாளர் மறந்துவிடுவார், வாடிக்கையாளர் சேவைக்கு அழைப்புகள் குவியும் என்பது நிறுவனங்களின் நியாயமான கவலை. ஆனால், வைஃபை பாஸ்வேர்டை ஒரு போனில் ஒருமுறை அடித்தால் போதும், தினமும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. ஒரு சீட்டில் எழுதி பீரோ கதவின் உட்புறம் ஒட்டிக்கொள்ளலாம். ஆபத்து தெருவில் இருக்கிறது, பீரோவுக்குள் இல்லை. விருந்தாளிகளுக்குத் தனி இணைப்பைத் திறந்துவிடும் வசதி இன்றைய ரவுட்டர்கள் பலவற்றில் உண்டு. திருடிய பதிவை வைத்து ஊகிக்கும் வழியையே அடைக்கும் டபிள்யூபிஏ3 முறை 2018-இல் வந்துவிட்டது. பழைய போன்கள் அதில் இணையாது என்பது உண்மையே. அதனால் இரண்டையும் ஏற்கும் கலப்பு முறையில் வைக்க வேண்டியிருக்கும், அப்படி இருக்கும்வரை நீளமான பாஸ்வேர்டுதான் காப்பு.

ஒரு நாளில் இத்தனை இணைப்பு என்ற நெருக்கடியில் ஓடும் பணியாளரிடம் இதையெல்லாம் விட்டுவிடவும் கூடாது. பாஸ்வேர்டை நிறுவனத்தின் செயலியே உருவாக்கித் தரட்டும், போன் நம்பரை ஏற்க மறுக்கட்டும். ஏற்கெனவே மாட்டிய ரவுட்டர்களுக்கு வீடு வீடாகப் போக வேண்டியதும் இல்லை. தாங்கள் தந்த ரவுட்டர்களின் அமைப்புகளைத் தொலைவிலிருந்தே மாற்றும் வசதி பல நிறுவனங்களின் கையில் இருக்கிறது. பழுது பார்க்கவும் மென்பொருளைப் புதுப்பிக்கவும் பயன்படும் அதே வழியில், டபிள்யூபிஎஸ்ஸையும் அணைக்கலாம்.