புகை பிடித்தால் சம்பளத்தில் கை வைப்பதா?



சிகரெட் நல்லது என்று இந்தப் பகுதியில் நாம் என்றும் எழுதியதில்லை, எழுதப் போவதுமில்லை. பெரட்டுக்கு வரும்போதே ஒன்று, வெயிலேறுவதற்குள் நாலு என்று ஊதித் தள்ளிவிட்டு, ஐம்பது வயதில் மூச்சு வாங்கிக்கொண்டு லயத்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அண்ணன்மாரை எல்லாத் தோட்டத்திலும் பார்க்கிறோம். நெஞ்சு நோயும் நுரையீரல் புற்றுநோயும் அதனால் வருகின்றன என்பதில் இரண்டு பேச்சு கிடையாது. இன்று நாம் பேச வந்தது வேறு. புகைக்கிறவனின் உடம்பைக் காட்டி அவன் சம்பளத்தில் கை வைக்க முதலாளிக்கு உரிமை உண்டா?

இந்த விஷயத்தில் முன்னே போய் நிற்பது அமெரிக்கா. அங்கே மிச்சிகன் மாநிலத்தில் வேய்கோ என்றொரு கம்பெனி இருந்தது. மற்றக் கம்பெனிகளின் ஊழியர்களுக்கான மருத்துவச் சலுகைக் கணக்குகளைப் பார்ப்பதுதான் அதன் தொழில். எங்களிடம் வேலை செய்கிறவர் வீட்டில்கூடப் புகைக்கக் கூடாது என்று 2005 ஜனவரியிலிருந்து அது கட்டளை போட்டது. ஊழியர்களுக்குச் சோதனை வைத்தார்கள். உடன்படாத நாலு பேருக்கு வேலை போயிற்று. வேலை நேரத்தில் புகைத்தார்கள் என்று யாரும் குற்றம் சாட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து ஒன்று பற்ற வைத்தாலும் வேலை இல்லை என்பதுதான் அந்தக் கம்பெனியின் நியாயம்! அமெரிக்காவில் பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் இப்படி வேலை நீக்கம் செய்வதைத் தடுக்கும் சட்டம் உண்டு. மிச்சிகனில் இல்லை.

வேலையை விட்டு நிறுத்தாமல், பணத்தைப் பிடிக்கிற கம்பெனிகள் அங்கே இன்னும் அதிகம். வால்மார்ட் என்ற பெரிய கடைக் கம்பெனி, புகைக்கும் ஊழியர்களிடம் ஆண்டுக்கு 2,000 டாலருக்கும் மேலாகக் கூடுதல் இன்சூரன்ஸ் பணம் கேட்கப் போவதாக 2011-இல் செய்தி வந்தது. கடையில் சாமான் அடுக்குகிற ஆளுக்கு அது எத்தனை வாரச் சம்பளம் என்று கணக்குப் பாருங்கள். இன்சூரன்ஸ் செலவில் 50 விழுக்காடு வரை இப்படிக் கூட்டிக்கொள்ள 2014 முதல் அந்நாட்டு விதிகளே இடம் கொடுத்தன. ஒரு நிபந்தனை உண்டு: புகைப்பதை விடுவதற்கான வகுப்புக்குப் போகிறவரிடம் அந்தத் தண்டத்தை வாங்கக் கூடாது. அந்த நிபந்தனையைச் சரியாக அனுசரிக்கவில்லை என்று சொல்லி, 2017-இல் அமெரிக்கத் தொழில் இலாகாவே மேசிஸ் என்ற கடைக் கம்பெனி மீது வழக்குப் போட்டது.

ஏன் அங்கே இவ்வளவு தூரம் வந்தது? பெரும்பாலோருக்கு மருத்துவ இன்சூரன்ஸ் முதலாளியின் கையால்தான் கிடைக்கிறது. மாட்டுக்குத் தீனி போடுகிறவன் அதன் வாயைத் திறந்து பல்லை எண்ணிப் பார்ப்பதுபோல, இன்சூரன்ஸ் கட்டுகிறவன் தொழிலாளியின் வாயை முகர்ந்து பார்க்கிறான்.

"அது அமெரிக்கா கதை, நமக்கென்னங்க?" என்று கேட்பீர்கள். நமது நாட்டிலும் மருத்துவ இன்சூரன்ஸ் சந்தா ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. 2024-ஆம் ஆண்டுக் கடைசியில் அந்த ஏற்றம் பெரிய கூச்சலாகி, ஒரேயடியாக ஏற்றாமல் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பி ஏற்றுங்கள் என்று பேங்க் நெகாரா தலையிட்டுச் சொல்ல வேண்டி வந்தது. தொழிலாளர்களுக்குக் குழு இன்சூரன்ஸ் எடுத்திருக்கும் கம்பெனிகளுக்கும் செலவு கூடுகிறது. செலவு கூடினால் அதை யார் தலையில் இறக்கலாம் என்று பார்ப்பது முதலாளிமாரின் பழைய பழக்கம்.

அண்மையில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஒரு பாரம் கொடுத்திருக்கிறார்கள். 'நீர் புகைப்பவரா? ஒரு நாளைக்கு எத்தனை?' என்று கேட்டு, அடியில் கையெழுத்துக்கு இடம். அதற்கு மேலே பொடி எழுத்தில், கூடுதல் சந்தா வந்தால் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சம்மதம் என்று ஒரு வரி. "சும்மா கணக்குக்குத்தான் அண்ணே, போட்டுக் குடுங்க" என்றாராம் ஆபீஸ் கிராணி. அந்தத் தோட்டத்துப் பெண்மணி ஒருவர் எங்களிடம் கேட்டார்: "எங்க வீட்டுக்காரரு போன தீபாவளியோட விட்டுட்டாருங்க. முன்னே குடிச்சதையும் எழுதணுமா? எழுதாம விட்டு, நாளைக்கு நெஞ்சு வலின்னு போனா, பொய் சொன்னேன்னு வேலைய விட்டுத் தூக்கிருவாங்களா?"

அவர் பயம் வீணான பயம் இல்லை. இப்படிப்பட்ட பாரங்களின் விஷமே அங்கேதான் இருக்கிறது. நோயில் விழுந்த பிறகுதான் அந்தக் காகிதத்தைத் தேடி எடுப்பார்கள்.

உடம்புக் கணக்குப் பார்ப்பதென்றால் முழுக் கணக்கும் பார்ப்போம். பாராகுவாட் என்ற களைமருந்தை நம் பெண்கள் எத்தனை ஆண்டு முதுகில் சுமந்து அடித்தார்கள்? 2002-இல் அதை நிறுத்தப்போவதாக அறிவித்து, 2006-இல் மறுபடி கதவைத் திறந்துவிட்டு, 2020 ஜனவரி முதல் தேதியில்தான் முழுத் தடை வந்தது. நகம் கழன்று, மூக்கில் இரத்தம் வந்து, கண் எரிந்து நின்ற அந்த அக்காமாருக்காக எந்தத் தோட்டமாவது கூடுதல் சந்தா கட்டியதா? மருந்தடித்த நெஞ்சு கம்பெனிக் கணக்கில் வராது. சிகரெட் குடித்த நெஞ்சு மட்டும் வருமாம்!

கெட்ட பழக்கத்தை ஒழிக்க நமக்கு யாரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை. லயத்துக்குப் பக்கத்திலேயே கள்ளுக்கடை வைத்துச் சம்பளத்தைக் கரைத்த காலத்தில், அதை மூடச் சொல்லிக் கிளம்பியது யார்? 1947-இல் கெடாவில், பீடோங் வட்டாரத்தில், தொண்டர் படை என்ற பெயரில் தோட்டத்துப் பிள்ளைகள்தான் மறியல் செய்தார்கள். கள்ளுக்கடைக்குக் காவலாகப் போலீசு வந்தது, மோதல் நடந்தது. அன்று துரைமார் யாரும் தொழிலாளியின் ஈரலைப் பற்றிக் கவலைப்பட்டதாக வரலாறு இல்லை.

மனம் இருந்தால் வேறு வழியும் உண்டு. ஜப்பானில் டோக்கியோவில் பியாலா என்ற கம்பெனி, புகைக்காத ஊழியர்களுக்கு ஆண்டுக்கு ஆறு நாள் வரை கூடுதல் சம்பள லீவு என்று 2017-இல் அறிவித்தது. சிகரெட்டுக்கு இடைவேளை எடுக்காமல் உழைக்கிறவர்களுக்கு அது ஈடு. புகைத்தவரிடம் ஒரு காசும் பிடிக்கவில்லை. அதுவும் பரிபூரண நியாயம் என்று நாம் சொல்ல மாட்டோம், ஆனாலும் அரைப்பேர் போடுவதைவிட மேல்.

நமது சொக்சோவையே பாருங்கள். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கும் அந்தத் திட்டத்தில் சம்பளத்தை வைத்துத்தான் சந்தா. நீ புகைக்கிறாயா, வெற்றிலை போடுகிறாயா என்று கேட்டுச் சந்தாவைக் கூட்டுவதில்லை. எல்லோரும் சேர்ந்து தாங்குவதற்குப் பெயர்தான் காப்புறுதி. இன்று புகைக்கிறவனைப் பிரித்தால், நாளை சர்க்கரை வியாதிக்காரன், அடுத்து இரத்த அழுத்தக்காரன், பிறகு நாற்பத்தைந்து வயது தாண்டியவன். நம்மில் யார்தான் மிஞ்சுவோம்?

வேலை நேரத்தில், எரிமருந்து ஸ்டோரில், சட்டம் தடுத்த இடத்தில் புகைக்காதே என்றால் கேட்டுத்தான் ஆக வேண்டும். 2024 அக்டோபர் முதல் புதிய புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டமும் நடப்பில் இருக்கிறது. அதை மீறினால் சங்கம் வந்து வாதாடும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

சம்பளப் பிடித்தம் வேறு விஷயம். தீபகற்பத்தில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, எதையெல்லாம் பிடிக்கலாம் என்று வரையறுத்து வைத்திருக்கிறது. அதில் சேராததைப் பிடிக்க முடியாது. சிலவற்றுக்குத் தொழிலாளி எழுத்துமூலம் கேட்டுக்கொள்ள வேண்டும். சிலவற்றுக்குத் தொழில் இலாகாத் தலைமை இயக்குநரின் அனுமதியும் வேண்டும். அதனால்தான் உங்கள் கையெழுத்தை அவர்கள் இவ்வளவு ஆசையாகக் கேட்கிறார்கள்! அந்தப் பாரம் உங்கள் தோட்டத்துக்கு வந்தால் வாங்கி வையுங்கள், கையெழுத்துப் போடாதீர்கள். தமிழ் மட்டும் தெரிந்தவர் படித்தவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களுக்கும் சொல்லுங்கள். முதலில் அவர்களிடம்தான் கையெழுத்து வாங்கப் பார்ப்பார்கள். ஒரு நகலைக் கிளைச் செயலாளரிடம் சேர்த்துவிடுங்கள். யாரையாவது இதைச் சாக்காக வைத்து வேலை நீக்கம் செய்தால் 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் மனுக் கொடுக்க வேண்டும், 61-ஆம் நாள் போய் நின்று பயனில்லை.

புகைப்பதை விட நினைக்கும் அண்ணன்மாருக்கு ஒரு வார்த்தை. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் அதற்கென்றே உதவி செய்கிறார்கள். போகும்போது வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒளித்துக் குடிக்க முடியாது. அந்தக் கிளினிக் சீட்டைக் கம்பெனி ஆபீசில் காட்ட வேண்டிய அவசியம் இல்லை.